பழைய நிரலுக்குப் பட்ட கடன்: தொகுப்பி, சோதனை இயக்கி அமைவுகளின் வரலாறு

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவி தொகுப்பி. கம்பைலர் என்ற பெயரே நிரலர்களிடையே பெருவழக்கு. எழுதிய நிரல் எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை நிரல்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக ஓட்டி, தேறியவை எவை, தவறியவை எவை என்று பட்டியலிட்டுக் காட்டும் கருவி சோதனை இயக்கி. இவ்விரு கருவிகளும் ஒரு திட்டத்துக்குள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கப்படும் கட்டளைகள் அமைவுகள் எனப்படுகின்றன. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றின் கோப்புறையில் இத்தகைய அமைவுக் கோப்புகள் பல இருப்பதும், புதிதாகத் திட்டம் தொடங்குவோர் அவற்றை வேறொரு திட்டத்திலிருந்து நகலெடுத்து, ஒவ்வொரு வரியும் எதற்காக நிற்கிறது என்று அறியாமலே வைத்துக்கொள்வதும் இயல்பாகிவிட்டன. இத்தனை வரிகள் ஏன் தேவைப்படுகின்றன என்ற கேள்விக்குக் கருவிகளின் தொழில்நுட்பத்தை மட்டும் ஆராய்ந்தால் முழு விடை கிடைப்பதில்லை. கருவியைச் செய்தவர்கள் அதைத் திருத்த விரும்பிய ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் முறிந்துவிடக் கூடாது என்ற கட்டாயம் குறுக்கே நின்றது. அவ்விரண்டுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடுகளின் படிவுகளாகவே இன்றைய அமைவு வரிகளில் பெரும்பாலானவற்றைக் காண முடிகிறது.

துளையட்டைகளின் காலம்

தொகுப்பிக்குக் கட்டளையிடும் வழக்கம் முதலில் மூலநிரலுக்கு உள்ளேயே இருந்தது. ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஐபிஎம் 704 கணினிக்காக உருவாக்கி 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் தொகுப்பியில் ‘ஃபிரீக்குவன்சி’ என்றொரு கூற்று இருந்தது. நிரல் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் இடத்தில் எந்தக் கிளை எத்தனை முறை நடக்கக்கூடும் என்று நிரலர் அதில் எழுதிவைப்பார். தொகுப்பி அந்த மதிப்பீட்டைக் கொண்டு, எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்த சுட்டுப் பதிவகங்களை எந்தப் பகுதிக்கு ஒதுக்குவது என்று தீர்மானிக்கும். கணக்கீட்டின் விடையை இக்கூற்று மாற்றுவதில்லை. விடை எவ்வளவு விரைவாக வரும் என்பதை மட்டுமே மாற்றும். நிரலின் பொருளைத் தொடாமல் தொகுப்பியின் நடத்தையை மட்டும் தொடும் கட்டளை என்ற வகையில், பிற்கால அமைவுகளின் இலக்கணம் இதிலேயே தோன்றிவிட்டது எனலாம். பிற்கால ஃபோர்ட்ரான்களில் இக்கூற்று கைவிடப்பட்டது.

கட்டளைகள் நிரலை விட்டு வெளியே வந்தது, ஐபிஎம் நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம் 360 கணினிகளின் காலத்தில். அவற்றுக்கான ஓஎஸ் 360 இயங்குதளத்தில், வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பவர் தம் நிரல் அட்டைகளுக்கு முன்னும் பின்னும் ‘ஜேசிஎல்’ எனப்படும் வேலைக் கட்டுப்பாட்டு மொழியில் துளையிட்ட அட்டைகளை அடுக்க வேண்டும். முதல் இரு பத்திகளில் இரட்டைச் சாய்கோடு தாங்கிய அந்த அட்டைகளில் ஒன்று எந்தத் தொகுப்பியை இயக்க வேண்டும் என்று சொல்லும். அதே அட்டையில் ‘பார்ம்’ என்ற புலத்தில் தொகுப்பிக்கான தெரிவுகள் இடம்பெறும். ஃபோர்ட்ரான் ‘எச்’ தொகுப்பியில் ‘ஆப்ட்’ என்ற தெரிவுக்கு 0, 1, 2 என்ற மூன்று மதிப்புகள் இருந்தன. 0 என்றால் செம்மைப்படுத்தல் எதுவும் இல்லை, 2 என்றால் முழு அளவிலான செம்மைப்படுத்தல். இன்றைய சி தொகுப்பிகளிலும் செம்மைப்படுத்தும் அளவை இதே போன்ற எண் வரிசையால் குறிக்கும் முறை நீடிக்கிறது.

தொகுத்தல், இணைத்தல், இயக்கல் ஆகிய மூன்று படிகளுக்கும் தேவையான அட்டைகளை ஒவ்வொருவரும் முழுமையாக அடுக்குவது இயலாத காரியமாக இருந்ததால், ஆயத்த நடைமுறைகள் கணினியிலேயே சேமித்துவைக்கப்பட்டன. அவற்றைப் பெயர் சொல்லி அழைத்து, மாற்ற விரும்பும் ஓரிரு புலங்களை மட்டும் மேலெழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. யாரோ எழுதிய அமைவை அடித்தளமாகக் கொண்டு, வேறுபடும் வரிகளை மட்டும் எழுதும் இன்றைய முறைக்கு இதுவே முன்னோடி. ஓஎஸ் 360 பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ் பிற்காலத்தில் ஜேசிஎல்லை மிகக் கடுமையாக விமர்சித்தார். அது ஒரு நிரல்மொழியே என்பதை உணராமல், சில அட்டைகள் என்ற அளவிலேயே அதை வடிவமைத்தார்கள் என்பது அவருடைய விமர்சனத்தின் சாரம். அமைவுக்கென ஏற்பட்ட மொழிகள் பலவற்றுக்கும் அவ்விமர்சனம் பொருந்துவதைப் பின்வரும் வரலாறு காட்டுகிறது.

யூனிக்ஸ்: கட்டளை வரியும் மேக்ஃபைலும்

பெல் ஆய்வகத்தில் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் இந்த அட்டைக் கட்டை ஒற்றை வரியாகச் சுருக்கியது. சி தொகுப்பியின் பெயரை எழுதி, அதன்பின் சிறுகோடும் ஓரெழுத்தும் கொண்ட தெரிவுகளை அடுக்கினால் போதும். எதுவும் சொல்லாவிட்டால் கருவி தானாகவே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளும். இவ்வாறு சொல்லாமலே நிலவும் முடிவு இயல்பமைவு எனப்படும். விளைவுக் கோப்புக்குப் பெயர் தரப்படாவிட்டால் ‘ஏ.அவுட்’ என்ற பெயரில் அது சேமிக்கப்படும் என்பது அத்தகைய இயல்பமைவுகளில் ஒன்று. பிடிபி 7 என்ற பழைய கணினிக்கான அசெம்பிளர் தன் விளைவுக்கு இட்ட பெயர் அது. அந்தக் கணினியும் அந்த அசெம்பிளரும் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்தும், அந்தப் பெயரை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்களும் பழகிய கைகளும் இருந்துகொண்டே இருந்ததால், இன்றும் யூனிக்ஸ் வழிவந்த தொகுப்பிகள் அதே பெயரையே இடுகின்றன.

நிரல்கள் பல கோப்புகளாகப் பிரிந்து வளர்ந்தபோது கட்டளை வரி போதாமற்போயிற்று. மாற்றிய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டு, சரியாக எழுதப்பட்ட நிரலிலேயே பிழை தேடிக் காலை முழுவதையும் வீணாக்கிய சக ஆய்வாளர் ஸ்டீஃபன் ஜான்சனின் இக்கட்டே ‘மேக்’ என்ற கருவிக்குத் தூண்டுதல் என்று அதை 1976-இல் உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பதிவு செய்துள்ளார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, அதை உருவாக்கும் கட்டளை எது என்பவற்றை மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவைத்தால், கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரங்களை ஒப்பிட்டு, பழசாகிப் போனவற்றை மட்டும் அக்கருவி மறுபடி தொகுக்கும். தொகுப்பியின் தெரிவுகளும் ‘சிஃப்ளாக்ஸ்’ என்ற பெயரில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் ஒருமுறை எழுதப்பட்டால் போதும் என்றாயிற்று. அமைவு என்பது தட்டச்சு செய்தவுடன் மறையும் கட்டளையாக இருந்த நிலை மாறி, நிரலோடு சேர்த்துப் பாதுகாக்கப்படும் ஆவணமானது இக்கட்டத்தில்தான்.

மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் குறியுடன் தொடங்க வேண்டும். அதன் இடத்தில் இடைவெளிகளை இட்டால் பிழை எழும். கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாடு அரை நூற்றாண்டாக நிரலர்களை அலைக்கழித்து வருகிறது. அவசரத்தில் எடுத்த அந்த முடிவைத் திருத்தலாம் என்று ஃபெல்ட்மன் சில வாரங்களிலேயே எண்ணினார்; ஆனால் அதற்குள் கருவிக்கு ஏறத்தாழ ஒரு டஜன் பயனர்கள் சேர்ந்துவிட்டதால், அவர்களுடைய கோப்புகளை முறித்துவிட வேண்டாம் என்று விட்டுவிட்டார். பழைய நிரலைக் காக்கும் கட்டாயம் எவ்வளவு சிறிய கூட்டத்தின் பொருட்டும் செயல்படத் தொடங்கிவிடுகிறது என்பதற்கும், அப்போது காக்கப்பட்ட ஒரு டஜன் பேருக்காகப் பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் விலை கொடுக்க நேர்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

அதே ஸ்டீஃபன் ஜான்சன் 1978 அளவில் ‘லிண்ட்’ என்ற கருவியை வெளியிட்டார். தொகுப்பி விரைவாக மாற்றித் தரும் வேலையைப் பார்க்க, நிரல் முழுவதையும் கண்டிப்போடு சரிபார்க்கும் வேலையை லிண்ட் தனியே பார்த்துக்கொண்டது. கண்டிப்பு விரும்புவோர் தேடிச் சென்று பெறும் ஒன்றாகவும், இயல்புநிலை தளர்வாகவும் இருக்கும் இந்த ஏற்பாடு பிற்காலக் கருவிகள் பலவற்றுக்கும் மாதிரியானது.

எல்லாம் என்று சொல்லி எல்லாம் தராத தெரிவு

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் முதலில் வெளியிட்ட ஜிசிசி தொகுப்பியில், லிண்ட் செய்துவந்த சரிபார்ப்புகள் பல எச்சரிக்கைத் தெரிவுகளாகத் தொகுப்பிக்குள்ளேயே வந்து சேர்ந்தன. அவற்றுள் பெயர்பெற்றது ‘டபிள்யூ-ஆல்’. எல்லா எச்சரிக்கைகளையும் தருமாறு கேட்பது போலத் தோன்றும் இத்தெரிவு உண்மையில் அவற்றுள் ஒரு பகுதியை மட்டுமே தருகிறது. எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே நடத்துமாறு சொல்லும் மற்றொரு தெரிவையும் பல திட்டங்கள் உடன் சேர்த்துவைத்திருந்தன. ஆகவே ‘டபிள்யூ-ஆல்’ தெரிவுக்குள் புதிய எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தால், நேற்றுவரை தொகுக்கப்பட்ட நிரல் இன்று தொகுக்கப்படாமல் நின்றுவிடும் இடர் எழுந்தது. எனவே சில எச்சரிக்கைகள் ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ என்ற கூடுதல் தெரிவில் வைக்கப்பட்டன. வேறு சில அவ்விரண்டிலும் சேராமல் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்கப்பட வேண்டியவையாயின. பின்னாளில் வந்த கிளாங் தொகுப்பி உண்மையாகவே அனைத்தையும் தருவதற்கு ‘டபிள்யூ-எவ்ரிதிங்’ என்ற வேறொரு பெயரைத் தேட வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் யூனிக்ஸ் பல நிறுவனங்களின் கைகளில் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பயன்பாட்டு நிரல்களைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கென்சி, 1991 அளவில் மேக்ஃபைலில் பயனர்கள் தாமே தேர்ந்தெடுத்துத் தர வேண்டிய தெரிவுகள் ஏறத்தாழ இருபதாகிவிட்டதைக் கண்டு, கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்பதைத் தானாகவே சோதித்து அறியும் ‘கான்ஃபிகர்’ கட்டளைத்தொடரை எழுதினார். அத்தகைய கட்டளைத்தொடர்களை உருவாக்கித் தரும் ‘ஆட்டோகான்ஃப்’ கருவி அதிலிருந்து வளர்ந்தது. அமைவை எழுதுவதற்கே ஒரு நிரல் தேவை என்ற நிலை இதனுடன் தொடங்கியது.

சோதனை இயக்கியின் வருகை

சோதனைகளை ஓட்டும் கருவிகளின் வரலாறு இதற்கு இணையாகவும், தொடக்கத்தில் இதனோடு தொடர்பின்றியும் நடந்தது. லாரி வால் 1987 டிசம்பரில் வெளியிட்ட பெர்ல் மொழியின் முதல் பதிப்போடு சிறு சோதனை நிரல்கள் இணைந்து வந்தன. ஒவ்வொரு சோதனை நிரலும் முதல் வரியில் மொத்தச் சோதனைகளின் எண்ணிக்கையை அச்சிட்டு, பின்னர் தேறிய ஒவ்வொன்றுக்கும் ‘ஓகே’ என்ற சொல்லையும் அதன் எண்ணையும், தவறியவற்றுக்கு ‘நாட் ஓகே’ என்றும் வரிவரியாக அச்சிடும். இயக்கி அவ்வரிகளை எண்ணிப் பார்த்து முடிவைச் சொல்லும். பிற்காலத்தில் ‘டாப்’ எனப் பெயர்பெற்ற இந்த நெறிமுறைக்கு அமைவு என்று எதுவும் தேவைப்படவில்லை. எந்த மொழியில் எழுதிய நிரலும் அவ்வரிகளை அச்சிட்டால் போதுமானதாக இருந்தது.

இன்று நிலவும் சோதனை இயக்கிகளுக்கு மூலவடிவம், கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய ‘எஸ்யூனிட்’. அவரும் எரிக் காமாவும் 1997-இல் அட்லாண்டாவில் நடந்த ‘ஊப்ஸ்லா’ மாநாட்டுக்குச் சூரிச்சிலிருந்து பறந்த விமானப் பயணத்தில் அதை ஜாவா மொழிக்கு மாற்றி எழுதத் தொடங்கினர். அவ்வாறு பிறந்தது ‘ஜேயூனிட்’. பெயர் ‘டெஸ்ட்’ என்று தொடங்கும் செயற்கூறுகள் அனைத்தையும், நிரல் தன்னைத்தானே ஆராயும் ஜாவா மொழியின் வசதியைக் கொண்டு அது கண்டுபிடித்து ஓட்டியது. எது சோதனை, எது சோதனையன்று என்பதை அறிவிப்பதே சோதனை இயக்கிக்கான முதல் அமைவாகும். ஜேயூனிட் அதைப் பெயரிடும் மரபாலேயே தீர்த்துவிட்டது. குறிப்பிட்ட பெயருள்ள கோப்புறையிலோ குறிப்பிட்ட ஈற்றுப்பெயருடனோ இருக்கும் கோப்புகளைச் சோதனைகளாகக் கொள்ளும் இன்றைய வழக்கம் இதன் தொடர்ச்சி.

தொகுப்பிக்கும் சோதனை இயக்கிக்கும் ஒரே அமைவுக் கோப்பு என்ற எண்ணம் ஜாவா உலகில்தான் உறுதிப்பட்டது. 2000-இல் தனிக் கருவியாக வெளிவந்த ஆன்ட், மேக்ஃபைலின் டேப் சிக்கலையும் இயங்குதளச் சார்பையும் விட்டு விலகி, எக்ஸ்எம்எல் வடிவத்தில் கட்டளைகளை எழுதச் சொன்னது. 2004-இல் முதல் பதிப்பை எட்டிய மேவன், கட்டளைகளையே பெருமளவு நீக்கியது: மூலநிரல் இந்தக் கோப்புறையில், சோதனைகள் அந்தக் கோப்புறையில் என்று மரபை முன்கூட்டியே வகுத்துவிட்டதால், மரபைப் பின்பற்றும் திட்டம் எதையும் எழுத வேண்டியதில்லை. ஆயினும் மரபும் காலத்தில் உறைந்துபோகக்கூடியதே. எந்த ஜாவா பதிப்புக்கு ஏற்பத் தொகுப்பது என்று சொல்லாவிட்டால் மேவனின் தொகுப்பி இணைப்பு ஜாவா 5 என்றே எடுத்துக்கொண்டது. 2014-இல் ஜாவா 8 வெளியான பின்னரும் அதுவே நீடித்ததால், பதிப்பைக் குறிக்கும் இரு வரிகளை ஒவ்வொரு திட்டமும் தன் கோப்பில் சுமக்க நேர்ந்தது.

ஜாவாஸ்கிரிப்ட்: தொகுப்பியற்ற மொழிக்குத் தொகுப்பி வந்த கதை

உலாவிக்குள் நேரடியாக ஓடும் மொழியாக 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தொகுப்பியோ அமைவோ முதலில் இருந்ததில்லை. இணையத்தில் எழுதிவைக்கப்பட்ட எந்தப் பக்கமும் முறிந்துவிடக் கூடாது என்பது அம்மொழியைத் திருத்துவோரைக் கட்டுப்படுத்தும் முதல் விதி. 2009 டிசம்பரில் ஏற்கப்பட்ட அதன் ஐந்தாம் தரநிலையில், மொழியின் தவறான பழைய நடத்தைகள் சிலவற்றைத் தடைசெய்யும் கண்டிப்பு முறை சேர்க்கப்பட்டபோது, அதை இயக்குவதற்கு மேற்கோள்குறிக்குள் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்று எழுதிய வெறும் சரம் தெரிவு செய்யப்பட்டது. பழைய உலாவிகளுக்கு அது பயனற்ற ஒரு மதிப்பு, ஆகவே அவை அதைக் கடந்து சென்றுவிடும். புதிய உலாவிகளுக்கு அது கட்டளை. அறியாதவர் கண்ணுக்குப் படாமலும் அறிந்தவருக்குப் பொருள் தருமாறும் அமைவை ஒளித்துவைக்கும் இவ்வுத்தி புதிதன்று. 1983-இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் தொகுப்பியில் எல்லைச் சரிபார்ப்பை இயக்கவும் நிறுத்தவும், நிரலில் விளக்கமாக எழுதப்படும் குறிப்புரைக்குள்ளேயே டாலர் குறியிட்டு ஓரெழுத்துக் கட்டளை எழுதப்பட்டது.

அந்த டர்போ பாஸ்கலை எழுதிய ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க், பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் உருவாக்கி 2012 அக்டோபரில் வெளியிட்ட மொழி டைப்ஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ஒவ்வொரு மாறியும் எண்ணா, சரமா, வேறொன்றா என்ற வகைக்குறிப்பைச் சேர்த்து எழுதினால், தொகுப்பி அவற்றைச் சரிபார்த்தபின் அழித்துவிட்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டை வெளியிடும். தொடக்கத்தில் அதன் தெரிவுகள் கட்டளை வரியிலும் தொகுப்புச் சூழலின் திட்டக் கோப்புகளிலும் சிதறிக் கிடந்தன. 2015-இல் வந்த 1.5 பதிப்பு ‘டிஎஸ்கான்ஃபிக்’ என்ற கோப்பை அறிமுகப்படுத்தியது. அக்கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அதுவே திட்டத்தின் வேர் என்று கொள்ளப்பட்டது.

அக்கோப்பின் வடிவம் ஜேசன். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் வகுத்த அந்தத் தரவு வடிவத்தில் குறிப்புரைகளுக்கு இடமில்லை. சிலர் குறிப்புரைக்குள் கருவிகளுக்கான கட்டளைகளை எழுதத் தொடங்கியதைக் கண்டு, ஒத்தியங்கும் தன்மை கெட்டுவிடும் என்று அவரே அவற்றை நீக்கினார். ஆனால் தெரிவுகளின் பட்டியல் நீண்ட அமைவுக் கோப்பில் ஒரு வரி ஏன் எழுதப்பட்டது என்று விளக்க இடமில்லாதது பெருங்குறையாக உணரப்பட்டதால், 2016-இல் டைப்ஸ்கிரிப்ட் 1.8 தன் அமைவுக் கோப்பில் மட்டும் குறிப்புரைகளை அனுமதித்தது. பெயரளவில் ஜேசனாக இருக்கும் அந்தக் கோப்பைப் பொதுவான ஜேசன் வாசிப்பிகள் ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம்.

கண்டிப்பு எனும் கொத்து

டைப்ஸ்கிரிப்ட் அமைவுகளுள் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற ஒற்றை வரியின் வரலாறு தனியே நோக்கத் தக்கது. டோனி ஹோர் 1965-இல் அல்கோல் டபிள்யூ மொழிக்காகப் புகுத்திய வெற்றுச்சுட்டு, அதாவது எதையும் சுட்டாத ‘நல்’ மதிப்பு, எண்ணற்ற பிழைகளுக்குக் காரணமாயிற்று. நூறு கோடி டாலர் தவறு என்று 2009-இல் அவரே அதைச் சொன்னார். டைப்ஸ்கிரிப்ட்டின் முதல் பதிப்புகளில் எந்த வகையுள்ள மாறியிலும் ‘நல்’ மதிப்பு வந்து அமரலாம். 2016-இல் வந்த 2.0 பதிப்பு அதைத் தடுக்கும் ‘ஸ்ட்ரிக்ட்நல்செக்ஸ்’ என்ற தெரிவைத் தந்தது. அதை இயல்பமைவாக்கினால் அதுவரை எழுதப்பட்ட திட்டங்களில் ஆயிரக்கணக்கான பிழைகள் ஒரே நாளில் எழும் என்பதால், விரும்புவோர் எழுதிப் பெறும் வரியாகவே அது வைக்கப்பட்டது.

இத்தகைய தெரிவுகள் பெருகவே, 2017-இல் 2.3 பதிப்பு நான்கு தெரிவுகளைச் சேர்த்து ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற கொத்தாக்கியது. ஜிசிசியின் ‘டபிள்யூ-ஆல்’ எதிர்கொண்ட சிக்கலுக்கு இங்கே வேறு தீர்வு காணப்பட்டது: இக்கொத்தை ஏற்பவர், வருங்காலப் பதிப்புகளில் அதற்குள் சேர்க்கப்படும் புதிய கண்டிப்புகளையும் முன்கூட்டியே ஏற்பவராகக் கருதப்பட்டார், அவற்றுள் வேண்டாததைத் தனி வரியால் விலக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் அவருக்குத் தரப்பட்டது. 2.6, 2.7, 3.2, 4.4 ஆகிய பதிப்புகள் ஒவ்வொன்றும் இக்கொத்தில் ஒரு புதிய சரிபார்ப்பைச் சேர்த்தன. ‘ஸ்ட்ரிக்ட்’ எழுதப்படாத திட்டத்துக்கு இயல்பமைவு தளர்வாகவே நீடிக்க, புதிய திட்டத்துக்கு அமைவுக் கோப்பை உருவாக்கித் தரும் கட்டளை மட்டும் ‘ஸ்ட்ரிக்ட்’ வரியை இட்டுத் தரத் தொடங்கியது. அதாவது, ஒன்றும் எழுதப்படாதபோது கருவி எடுத்துக்கொள்ளும் முடிவு வேறு, புதியவருக்குக் கருவி எழுதித் தரும் முடிவு வேறு என்று இயல்பமைவே இரண்டாகப் பிரிந்தது. முன்னது பழைய நிரலுக்குப் பட்ட கடன். பின்னது கருவி செய்தோரின் இன்றைய கருத்து. ரஸ்ட் மொழியின் ‘எடிஷன்’ ஏற்பாடும் இதே வடிவில் அமைந்துள்ளது: திட்டக் கோப்பில் எடிஷன் குறிக்கப்படாவிட்டால் 2015-ஆம் ஆண்டின் விதிகளே செல்லும், புதிய திட்டத்தை உருவாக்கித் தரும் கட்டளையோ அண்மைய எடிஷனை எழுதிவைத்துவிடும்.

ஒரே நிரலை வாசிக்கும் பல கருவிகள்

ஃபேஸ்புக் நிறுவனம் 2014-இல் பொதுவெளிக்குத் திறந்துவிட்ட சோதனை இயக்கி ஜெஸ்ட். சோதிக்கப்படும் பகுதி தவிர்த்த பிற பகுதிகள் அனைத்துக்கும் தானாகவே போலிகளை வைத்து ஓட்டுவது அதன் முதல் இயல்பமைவு. அந்நிறுவனத்தின் உள்வழக்கத்துக்குப் பொருந்திய அம்முறை வெளியாரைக் குழப்பியதால், 2016-இல் வந்த 15-ஆம் பதிப்பு அதை மாற்றியது. சோதனைகள் ஓடும் சூழலும் அவ்வாறே: முதலில் உலாவியைப் போல நடிக்கும் ‘ஜேஎஸ்டாம்’ இயல்பாக இருந்தது, 2021-இல் 27-ஆம் பதிப்பு, உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட் சூழலை இயல்பாக்கியது. ஒரு கோப்புக்கு மட்டும் வேறு சூழல் தேவையானால் அதைக் கோப்பின் உச்சியில் உள்ள குறிப்புரைக்குள் எழுதலாம் என்ற ஏற்பாடும் வந்தது. குறிப்புரைக்குள் கட்டளை என்ற பழைய வழக்கம் மறையவில்லை.

சோதனை இயக்கியும் நிரலைத் தொகுத்தே ஓட்ட வேண்டும் என்பதால், ஒரே நிரலுக்கு இரண்டு மூன்று தொகுப்பு வழிகள் உண்டாயின. ஜெஸ்ட் பொதுவாகப் பேபல் என்ற மாற்றியைப் பயன்படுத்தியது. அது 2018-இன் 7-ஆம் பதிப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் வகைக்குறிப்புகளை நீக்கித் தரும், ஆனால் சரிபார்க்காது. ஆகவே வகைப் பிழையுள்ள நிரலும் சோதனையில் தேறக்கூடும். இதனால் விளையும் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு, கோப்புகளைச் சுருக்கப் பாதையில் அழைக்கும் வழக்கம். நீண்ட பாதையை எழுதாமல் ‘@’ குறியைத் தொடக்கமாக வைத்து அழைக்க விரும்பினால், டைப்ஸ்கிரிப்ட் அமைவில் ‘பாத்ஸ்’ என்ற தெரிவில் அதை அறிவிக்க வேண்டும். தொகுப்பி அதைக் கொண்டு வகைகளைச் சரிபார்க்குமே தவிர, வெளியிடும் ஜாவாஸ்கிரிப்ட்டில் பாதையை மாற்றி எழுதாது. எனவே நிரலை உலாவிக்காகக் கட்டும் கருவியின் அமைவில் அதே செய்தி ‘ஏலியஸ்’ என்ற பெயரிலும், ஜெஸ்ட் அமைவில் ‘மாட்யூல்நேம்மேப்பர்’ என்ற பெயரில், வேறு இலக்கணத்திலும் மறுபடி எழுதப்பட வேண்டும். மூன்றில் ஒன்றை மறந்தால், நிரல் எழுதும் கருவியில் சரியாகத் தோன்றும் நிரல் சோதனையில் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும்.

ஒரே செய்தியை மும்முறை எழுத வைத்த இந்நிலை இருவகை எதிர்வினைகளை எழுப்பியது. 2016-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ கருவி, அமைவுகள் அனைத்தையும் ஒரே பொதிக்குள் மறைத்துவிட்டது; ஒன்றை மாற்ற விரும்பினாலும் ‘எஜெக்ட்’ என்ற கட்டளையால் அனைத்தையும் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு திரும்ப முடியாது. புதிய திட்டங்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. 2021 இறுதியில் அறிவிக்கப்பட்ட ‘வைடெஸ்ட்’ மறுவழியைத் தேர்ந்தது: கட்டும் கருவியான வைட்டின் அமைவுக் கோப்பையே சோதனை இயக்கியும் வாசிப்பதால், சுருக்கப் பாதை போன்றவை அவ்விரண்டுக்கும் ஒருமுறை எழுதப்பட்டால் போதும்.

அமைவை மறுத்தவர்கள்

அமைவே வேண்டாம் என்ற மரபும் உடன் வளர்ந்தது. 2012-இல் முதல் நிலைப் பதிப்பை எட்டிய கோ மொழியின் தொகுப்பியில் எச்சரிக்கை என்பதே இல்லை. பயன்படுத்தப்படாத இறக்குமதியும் பிழையாகவே கருதப்படும். சோதனை இயக்கி மொழியோடு இணைந்தே வருகிறது. பெயர் குறித்த ஈற்றில் முடியும் கோப்புகள் சோதனைகள். இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், காக்க வேண்டிய பழைய நிரல் எதுவும் இல்லாத தொடக்கத்திலேயே அம்முடிவுகள் எடுக்கப்பட்டமை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சுழல் மாறி ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பிறக்க வேண்டும் என்று 2024-இன் 1.22 பதிப்பில் விதியை மாற்றியபோது, கோ மொழியும் அதைத் திட்டக் கோப்பில் எழுதப்பட்ட பதிப்பு எண்ணோடு இணைக்க நேர்ந்தது: 1.22 அல்லது அதற்கு மேல் என்று எழுதிய திட்டங்களுக்குப் புதிய விதி, ஏனையவற்றுக்குப் பழைய விதி.

நோட் சூழலும் இதே திசையில் நகர்ந்தது. 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பு தனக்கென ஒரு சோதனை இயக்கியை உள்ளடக்கியது. முடிவுகளை அறிவிக்க அது முதலில் கைக்கொண்டது 1987-இன் பெர்ல் சோதனைகளிலிருந்து வந்த டாப் நெறிமுறையையே. 2025 ஜனவரியில் வந்த 23.6 பதிப்பு, டைப்ஸ்கிரிப்ட் கோப்பைத் தனித் தொகுப்பி இன்றி நேரடியாக இயக்கத் தொடங்கியது. வகைக்குறிப்பு இருந்த இடத்தை அதே நீளமுள்ள வெற்றிடங்களால் நிரப்புவதால், பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணும் பத்தி எண்ணும் மாறுவதில்லை. இவ்வாறு இயக்கும்போது டிஎஸ்கான்ஃபிக் கோப்பை நோட் வாசிப்பதே இல்லை. ஆனால் அழித்தால் மட்டும் போதாத, ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி எழுதப்பட வேண்டிய ‘ஈனம்’ போன்ற கூறுகள் டைப்ஸ்கிரிப்ட்டில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல் தடுப்பதற்கு 2025-இன் 5.8 பதிப்பு ‘இரேசபிள்சின்டாக்ஸ்ஒன்லி’ என்ற புதிய தெரிவை டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் சேர்த்தது. அமைவைப் படிக்காத கருவிக்கு ஏற்ப நிரலை எழுதுவதற்கும் அமைவில் ஒரு வரி தேவைப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். அமைவுகள் நிரலுக்குள்ளிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து கட்டளை வரிக்கும், அங்கிருந்து தனிக் கோப்புக்கும், அவ்வப்போது மீண்டும் குறிப்புரைக்குள்ளும் இடம் மாறியிருக்கின்றனவே தவிர, எந்தக் காலத்திலும் இல்லாமற்போனதில்லை. பழைய நிரலைக் கைவிடாமல் மொழியைத் திருத்த வேண்டியிருக்கும்வரை, இரண்டு விதிகளில் எது செல்லும் என்று எங்காவது எழுதப்பட்டே ஆக வேண்டும். அடுத்து, வரிகளே இல்லாத அமைவுக் கோப்பு எளிமையானது என்ற எண்ணம் பெரும்பாலும் பிழையானது. எடிஷன் எழுதப்படாத ரஸ்ட் திட்டம் 2015-இன் விதிகளுக்கும், ‘ஸ்ட்ரிக்ட்’ எழுதப்படாத டைப்ஸ்கிரிப்ட் 5 திட்டம் 2012-இன் தளர்வுக்கும் திரும்பிச் செல்கின்றன. ஆகவே நகலெடுத்த கோப்பில் பொருள் விளங்காத வரி ஒன்றை நீக்கலாமா என்று தீர்மானிக்க விரும்பும் நிரலர், அது எதைச் செய்கிறது என்பதோடு, எந்தப் பதிப்பில் எந்தப் பழைய நடத்தைக்கு மாற்றாக அது வந்தது என்பதையும் வெளியீட்டுக் குறிப்புகளில் தேடிப் பார்ப்பது பயன் தரும். தம் திட்டம் அப்பதிப்புக்கு முந்தைய நிரல் எதையும் சுமக்கவில்லையெனில், கண்டிப்பான பக்கத்தைத் தயக்கமின்றித் தேர்ந்துகொள்ளலாம்.